மத்ரித்திலிருந்து தொலேதோ: கைடோடு ஒரே நாளில் போய்வர முழுமையான வழிகாட்டி

முதல் முறை தொலேதோவுக்குப் போனபோது நான் அதிக நேரம் பார்த்தது வாள்களைத்தான். ஸ்பெயினின் தலைநகர் மத்ரித்தில் பஸ் ஏற்றிய டூர்காரர்கள் ஊருக்குள் விடுவதற்கு முன்பே ஒரு பட்டறையில் இறக்கிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கத்தி, கேடயம், தங்க வேலைப்பாட்டுத் தட்டு. பிறகு ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஒரு புகைப்பட நிறுத்தம். கடைசியில் ஊருக்குள் ஒரு ஓட்டம். பேராலயத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. டூர் விவரத்தில் 'பேராலயம்' என்று எழுதியிருந்தது உண்மைதான். 'உள்ளே' என்று எழுதவில்லை. அதைக் கவனிக்காதது என் தவறு.

இரண்டாவது முறை ரயிலில் போய், தொலேதோவிலேயே ஒரு உள்ளூர் கைடைப் பிடித்துக்கொண்டேன். அன்றுதான் ஊரைப் பார்த்தேன். அந்த இரண்டு நாள்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மத்ரித்துக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில், தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது தொலேதோ. ரோமானியர், அவர்களுக்குப் பின் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார், 8ஆம் நூற்றாண்டிலிருந்து இஸ்லாமிய ஆட்சி, 1085இல் ஆறாம் அல்ஃபோன்சோ கைப்பற்றியபின் கிறித்தவ அரசு என்று கை மாறிக்கொண்டே வந்த ஊர். 1561இல் இரண்டாம் ஃபிலிப்பு தன் அரசவையை மத்ரித்துக்கு மாற்றிக்கொண்டார். தலைநகர் என்ற பேர் போனதால் ஊர் பெரிதாக வளரவில்லை. வளராததால் இடிக்கவும் இல்லை. நாம் இன்று பார்ப்பது அந்த நஷ்டத்தின் லாபத்தை. 1986இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

படி 1: இடங்களை எண்ணாதீர்கள், மணியை எண்ணுங்கள்

எந்த டூரின் விளம்பரத்தைப் பார்த்தாலும் இடங்களின் பட்டியல்தான் நீளமாக இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளில் கழித்தல் கணக்குப் போடுங்கள்.

8 மணி நேர 'முழு நாள்' டூர் என்று வைத்துக்கொள்வோம். போக வர, மத்ரித் நெரிசலையும் சேர்த்து, இரண்டரை மணி. மீதி ஐந்தரை. புகைப்பட நிறுத்தம் 20 நிமிடம், பட்டறை 40 நிமிடம் போனால் நாலரை. உணவுக்கு ஒன்றரை மணி. கையில் நிற்பது 3 மணி நேரம். பேராலயத்துக்குள் ஒழுங்காகப் போனால் அதில் ஒரு மணி போய்விடும்.

இதே கணக்கை 5 மணி நேர 'அரை நாள்' டூருக்குப் போட்டால், சாப்பாடே இல்லாமலும் ஒன்றரை மணிதான் மிஞ்சுகிறது. தொலேதோவுக்கு அது போதாது.

இன்னொரு வகை உண்டு: தொலேதோவும் செகோவியாவும் ஒரே நாளில். சில டூர்களில் ஆவிலாவும் சேர்ந்துகொள்ளும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தொலேதோ தெற்கே, செகோவியா வடமேற்கே, நடுவில் மத்ரித். இந்த முக்கோணத்தைச் சுற்றி வர ஏறத்தாழ 320 கிலோமீட்டர் ஆகிறது. நான்கு மணிக்கும் மேல் பஸ்ஸிலேயே கழியும். ஸ்பெயினில் உங்களுக்கு இருப்பதே இரண்டு நாள், இனி வரவே போவதில்லை என்றால் போங்கள். மற்றவர்கள் ஒரு ஊரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

ஊருக்குள் குறைந்தது 5 மணி நேரம் கிடைக்காத எந்தத் திட்டத்தையும் நான் எடுக்க மாட்டேன்.

படி 2: கைடை எங்கே பிடிப்பது?

மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, மத்ரித்திலிருந்து பஸ்ஸிலேயே கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடும் டூர். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடும் சின்னக் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இதுதான் சௌகரியம். டிக்கெட், வண்டி, வழி என்று எதையும் யோசிக்க வேண்டாம். ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் மிராதோர் தெல் வாயே என்ற காட்சிமுனைக்கும் பஸ்ஸே போய் நிற்கும். அங்கிருந்து பார்த்தால் பேராலயக் கோபுரம், அல்காசர் கோட்டை, ஆறு மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். நடந்து போவதற்கு அது தூரம்.

இரண்டாவது, கைடே உங்களை மத்ரித் ரயில் நிலையத்தில் சந்தித்துக் கூடவே வருவது. பெரும்பாலும் தனிக் குழுக்களுக்கான ஏற்பாடு, செலவு அதிகம்.

மூன்றாவது வழிதான் என்னுடையது. போக்குவரத்தை நீங்களே பார்த்துக்கொண்டு, தொலேதோவில் இரண்டரை மூன்று மணி நேர நடைச் சுற்றுலாவில் மட்டும் சேர்ந்துகொள்வது. மத்ரித்திலிருந்து கைடோடு போனால் நெடுஞ்சாலையில் போகும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். அந்தச் சாலையில் கைடு சொல்லக்கூடிய கதை அதிகமில்லை. உள்ளூர்க் கைடுக்கு எந்தச் சந்து எங்கே முட்டும், எந்தத் தேவாலயத்தில் எந்த நேரம் கூட்டம் குறையும் என்று தெரியும். சுற்று முடிந்த பிறகு உங்கள் நேரம் உங்களுடையது, பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுமே என்ற பதைப்பு இருக்காது.

'இலவச நடைச் சுற்றுலா' என்று ஒன்றும் உண்டு. பேர்தான் இலவசம். முடிவில் கைடுக்கு நீங்கள் விரும்பியதைக் கொடுப்பது வழக்கம், அவருடைய வருமானமே அதுதான். இவ்வகைச் சுற்றுகள் பொதுவாகக் கட்டடங்களுக்குள் போவதில்லை. தெருக்கதை கேட்க நன்றாக இருக்கும். பேராலயத்துக்குள் விளக்கம் வேண்டும் என்றால், உரிமம் பெற்ற அதிகாரப்பூர்வக் கைடைக் கேளுங்கள். ஸ்பானிய மொழியில் 'கீயா ஒஃபிசியால்' என்பார்கள். கழுத்தில் அட்டை தொங்கும்.

படி 3: எந்தக் கிழமை, எந்த மாதம்

திங்கட்கிழமை வேண்டாம். எல் திரான்சித்தோ யூதத் தொழுகைக்கூடத்தில் உள்ள செஃபார்தி (ஸ்பானிய யூதர்) அருங்காட்சியகம், ஓவியர் எல் கிரேக்கோவின் பெயரிலுள்ள அருங்காட்சியகம், அல்காசரில் உள்ள ராணுவ அருங்காட்சியகம் மூன்றும் அன்று விடுமுறை. மத்ரித்தில் பிராதோ ஓவிய அருங்காட்சியகம் திங்களன்றும் திறந்திருக்கும், அந்த நாளை அங்கே கழித்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலையில் பேராலயத்தில் வழிபாடு. சுற்றிப் பார்க்க வருபவர்களைப் பிற்பகலில்தான் விடுவார்கள். காலை டூரில் போனால் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சனிக்கிழமை நல்ல கூட்டம். செவ்வாய் முதல் வெள்ளி வரை எதுவாக இருந்தாலும் சரி.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியை ஒட்டி அடிக்கும். நமக்கு வெயில் புதிதா என்று நினைப்போம். கல் தெரு, கல் சுவர், ஏற்றம் மூன்றும் சேரும்போது அது வேறு வெயில். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். ஈஸ்டருக்குப் பின் 60ஆம் நாள் வியாழக்கிழமையை ஒட்டி வரும் கோர்ப்புஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்க விழாவில் தெருக்களுக்கு மேலே துணிப்பந்தல் கட்டி, கீழே வாசனைச் செடிகள் தூவி, நற்கருணை அப்பம் வைத்த பேராலயத்தின் பெரிய கதிர்ப்பாத்திரத்தை ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். அதைப் பார்க்கவே போகிறவர்களுக்கு அது வாழ்நாள் அனுபவம். ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், நகர இடமிருக்காது.

படி 4: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

டூர் விவரத்தை வீட்டு வாடகை ஒப்பந்தம் படிப்பதுபோலப் படியுங்கள். 'பார்வையிடல்' என்பது உள்ளே போவதா, வாசலில் நின்று பேசுவதா? நுழைவுச்சீட்டு விலைக்குள் அடக்கமா? கைடு எந்த மொழியில் பேசுவார்? இரண்டு மொழிகளில் மாறி மாறிப் பேசும் டூர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது பாதி விளக்கம்தான், பாதி நேரம் சும்மா நிற்பீர்கள். குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? 15 பேர் வரை சமாளிக்கலாம். 40 பேர் என்றால் குறுகிய சந்தில் கடைசி ஆள் திரும்புவதற்குள் கைடு அடுத்த கதையை முடித்திருப்பார். பட்டறை நிறுத்தத்தைத் தவிர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். எத்தனை நாளுக்கு முன்பு ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவுச்சீட்டு விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. தொலேதோவில் 'சுற்றுலாக் கைப்பட்டை' என்று ஒன்று விற்கிறார்கள். சாந்தோ தோமே, சாந்தா மரியா லா பிளாங்கா, சான் ஹுவான் தே லோஸ் ரேயெஸ், கிறிஸ்தோ தே லா லூஸ் முதலான இடங்களுக்கு ஒரே கட்டணத்தில் போய்வரலாம். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. ஆனால் பேராலயம் அதில் சேராது, அதற்குத் தனிச் சீட்டு. கைப்பட்டை வாங்கிக்கொண்டு பேராலய வாசலில் போய் வாதாடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல் திரான்சித்தோவும் எல் கிரேக்கோ அருங்காட்சியகமும் மத்திய அரசின் கையில், அவற்றுக்கும் தனிச் சீட்டு. சனிக்கிழமை பிற்பகலிலும் ஞாயிறன்றும் அவை இரண்டும் இலவசம்.

படி 5: காலையில் கிளம்புவது

பஸ் டூர் என்றால், எங்கே ஏறுவது என்பதை முதல் நாள் இரவே வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பெரிய பஸ்கள் நகர மையத்துக்குள் நின்று ஆள் ஏற்ற முடியாது என்பதால் சந்திக்கும் இடம் உங்கள் விடுதியிலிருந்து தள்ளித்தான் இருக்கும். மெட்ரோ காலை 6 மணிக்கே ஓடத் தொடங்கிவிடும்.

ரயில் என்றால் அத்தோச்சா நிலையம். 'அவந்த்' என்ற அதிவேக ரயில், 35 நிமிடத்துக்குள் தொலேதோ. இருக்கை எண்ணோடுதான் சீட்டு, நின்றுகொண்டு போக வழியில்லை. வார இறுதியில் காலை வண்டிகள் முன்கூட்டியே நிரம்பிவிடும், அதனால் போகவும் வரவும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். அத்தோச்சாவில் பைகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள், நிலையமும் பெரிது. அரை மணி முன்னால் போய்விடுங்கள். பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கனம் வேண்டுமா? பிளாசா எலிப்திகா நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது, மெட்ரோ 6ஆம் தடமும் 11ஆம் தடமும் அங்கே வரும். நேரடி பஸ் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஊர் ஊராக நின்று போகும் பஸ்ஸில் ஏறிவிட்டால் ஒன்றரை மணி. ஏறும் முன் ஓட்டுநரிடம் 'தீரெக்தோ?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

காலில் போடுவது முக்கியம். தெருவெல்லாம் உருளைக்கல், வழவழப்பு, சரிவு. புதுச் செருப்பைச் சோதிக்கும் இடம் இதுவல்ல. குழந்தைத் தள்ளுவண்டியைவிடத் தூக்குபை மேல். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு நடைச் சுற்றுலாவின் வழக்கமான பாதை சிரமம், பாதையை மாற்றித் தர முடியுமா என்று கைடிடம் முன்பே பேசிவிடுங்கள்.

படி 6: குன்றின் மேல் ஏறுவது

ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஓடாதீர்கள், அந்தக் கட்டடமே பார்க்கத் தக்கது. 1919இல் திறந்தது. குதிரைலாட வளைவுகள், வண்ணக் கண்ணாடி, ஓட்டு வேலைப்பாடு. கிறித்தவ ஸ்பெயினில் இஸ்லாமியக் கட்டடக்கலையைத் தழுவி வளர்ந்த முதேஹார் பாணியை 20ஆம் நூற்றாண்டில் மறுபடி கட்டிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கொடுங்கள்.

அங்கிருந்து சோகோதோவேர் சதுக்கத்துக்கு நடந்தால் 20 நிமிடம், எல்லாம் ஏற்றம். நகரப் பேருந்தும் உண்டு. காலையில் பேருந்தில் ஏறிவிட்டு, மாலையில் இறக்கத்தில் நடந்து வாருங்கள், முழங்கால் நன்றி சொல்லும். பஸ் டூரில் வருபவர்களைப் பெரும்பாலும் குன்றின் அடிவாரத்தில் இறக்கி, பாறையைக் குடைந்து வைத்திருக்கும் நகரும் படிக்கட்டில் மேலே அனுப்புவார்கள்.

சோகோதோவேர் என்ற பெயரே ஒரு பாடம். 'கால்நடைச் சந்தை' என்று பொருள்படும் அரபுச் சொல்லின் தேய்ந்த வடிவம் அது. பெரும்பாலான நடைச் சுற்றுலாக்கள் இந்தச் சதுக்கத்தில்தான் தொடங்கும்.

படி 7: கைடு எங்கே தேவை

இந்த ஊரில் எல்லா இடத்துக்கும் கைடு வேண்டியதில்லை. மூன்று இடங்களில் கட்டாயம் வேண்டும் என்பேன்.

முதலில் பேராலயம். 1226இல் தொடங்கி 1493இல் முடித்தார்கள். விசிகோத்துகளின் தேவாலயம் இருந்த இடம், பிறகு ஊரின் பெரிய பள்ளிவாசல், அதன்மேல் இது. தனியாகப் போனால் தங்கத்தைப் பார்த்துக் கண் கூசித் திரும்பிவிடுவோம். கைடிடம் நான்கு இடங்களைக் காட்டச் சொல்லுங்கள். பிரதான பீடத்துக்குப் பின்னால் இருக்கும் 'திரான்ஸ்பரேந்தே': பீடத்தின் பின்புறத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று, நார்சிசோ தோமே என்ற சிற்பி 18ஆம் நூற்றாண்டில், கோதிக் கூரையையே உடைத்து ஓட்டை போட்டுவிட்டார். அண்ணாந்து பார்த்தால் அந்த ஓட்டையின் ஓரமெல்லாம் தேவதூதர்கள். அடுத்து, கர்தினால்களின் கல்லறைகளுக்கு நேர் மேலே கூரையிலிருந்து தொங்கும் சிவப்புத் தொப்பிகள். நூல் அறுந்து தானாக விழும்வரை அப்படியே விட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் கண்ணிலேயே படாது. மூன்றாவது, மொசராபிய வழிபாட்டுக்கூடம். இஸ்லாமிய ஆட்சிக் காலத்தில் இங்கே வாழ்ந்த கிறித்தவர்கள் காப்பாற்றி வைத்த பழைய வழிபாட்டு முறை இன்றும் அங்கே நடக்கிறது.

நான்காவது திருப்பொருளறை. அங்கே எல் கிரேக்கோவின் 'எல் எக்ஸ்போலியோ', கிறிஸ்துவின் ஆடையை உரியும் காட்சி. ஓவியம் முடிந்ததும் பேராலயத்தார் காசு கொடுக்கத் தகராறு செய்தார்கள். கிறிஸ்துவின் தலைக்கு மேலே கூட்டத்தாரின் தலைகள் தெரியலாமா என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இன்று நிமிர்ந்து பாருங்கள், அந்தத் தலைகள் அங்கேயேதான் இருக்கின்றன.

இரண்டாவது, சாந்தோ தோமே தேவாலயம். உள்ளே பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஓவியம்: 'ஒர்காஸ் பிரபுவின் அடக்கம்'. 1586 முதல் 1588 வரை எல் கிரேக்கோ வரைந்தது, உயரம் 4.8 மீட்டர். கைடு இல்லாதவர்கள் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள். இதன் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் இறந்த ஒர்காஸ் பிரபு, தன் ஊர் மக்கள் ஆண்டுதோறும் இந்தத் தேவாலயத்துக்கு ஆடு, கோழி, திராட்சை மது, விறகு, பணம் தர வேண்டும் என்று உயில் எழுதி வைத்தார். இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு மக்கள் நிறுத்திவிட்டார்கள். பங்குச் சாமியார் வழக்குப் போட்டு வென்றார். பிரபுவை அடக்கம் செய்யப் புனிதர் ஸ்தேவானும் புனிதர் அகுஸ்தீனும் வானத்திலிருந்து இறங்கி வந்தார்கள் என்ற கதையைப் பெரிய ஓவியமாக வரைய ஏற்பாடு செய்தவரும் அவரே. இனி யாரும் மறக்கக் கூடாதல்லவா! ஓவியம் முடிந்ததும் விலையில் மறுபடி இழுபறி. 1200 துகாத் (அன்றைய நாணயம்) என்று மதிப்பிட்டது அதிகம் என்று சாமியார் இரண்டாவது மதிப்பீடு கேட்க, அது 1600 என்று வந்தது. கடைசியில் 1200இல் முடிந்தது. கீழே இடப்பக்கம் தீப்பந்தம் பிடித்து நிற்கும் சிறுவன் ஓவியரின் மகன் என்பார்கள். அவன் சட்டைப்பையில் செருகிய கைக்குட்டையில் 1578 என்று ஓர் ஆண்டு இருக்கும், மகன் பிறந்த ஆண்டு.

மூன்றாவது, யூதர் குடியிருப்பு. அங்கே ஒரு கட்டடம், சாந்தா மரியா லா பிளாங்கா என்று பெயர். உள்ளே போனால் வெள்ளை வெளேரென்று வரிசை வரிசையாகக் குதிரைலாட வளைவுகள், பள்ளிவாசல்போலத் தெரியும். அது கட்டப்பட்டது யூதத் தொழுகைக்கூடமாக. கட்டும்போது ஆண்டது கிறித்தவ அரசு. கட்டட முறை இஸ்லாமியருடையது. பின்னால் தேவாலயமாக மாற்றி மரியாவின் பெயரை வைத்தார்கள். கொஞ்ச தூரத்தில் எல் திரான்சித்தோ. முதலாம் பேத்ரோ அரசனின் கருவூல அதிகாரி சாமுவேல் ஹா-லேவி 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. சுதைச் சுவரில் எபிரேய எழுத்தும் அரபு எழுத்தும் அருகருகே ஓடும். பிறகு அந்த அரசனே அவரைச் சிறையிட்டான், அவர் சித்திரவதையில் இறந்தார். 1492இல் யூதர் எல்லாரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். 'மூன்று மதங்களும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர்' என்று சுற்றுலாத் தாள்களில் எழுதியிருக்கும். நல்ல கைடு அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்க மாட்டார். மொழிபெயர்ப்பாளர்கள் அரபு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுபோன ஊரும் இதுதான், 1391இல் யூதர் குடியிருப்பு தாக்குதலுக்கு உள்ளான ஊரும் இதுதான் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வார். என் கைடு சொன்னார். அந்த ஒரு பத்து நிமிடத்துக்கே அவருக்குக் கொடுத்த காசு சரியாகிவிட்டது.

ஒரு சின்ன யோசனை: குழுச் சுற்றில் காதில் மாட்டும் கருவி தருவார்கள். வாங்கிய உடனே சத்தம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதி வழியில் நின்றுபோனால் மாற்றுக் கருவி கிடைப்பது கஷ்டம்.

படி 8: சாப்பாடு

ஸ்பெயினில் மதிய உணவு 2 மணிக்கு மேல்தான். 12 மணிக்குப் பசித்தால் ஒரு முட்டை ஆம்லெட் ரொட்டியோடு சமாளியுங்கள். 'மெனு தெல் தியா' என்று பலகை வைத்திருக்கும் கடையில் நிர்ணயித்த விலைக்கு இரண்டு பதார்த்தம், ரொட்டி, பானம், இனிப்பு வரும். சோகோதோவேரைச் சுற்றியுள்ள கடைகளைவிட நான்கு சந்து தள்ளிப் போனால் நல்லது. கௌதாரிக் குழம்பும் கார்க்கமூசாஸ் என்ற பன்றி இறைச்சிக் குழம்பும் ஊர்ச் சிறப்பு. சைவர்களுக்குப் பிஸ்தோ என்ற காய்கறிக் கூட்டும் மான்செகோ பாலாடைக்கட்டியும். பிஸ்தோவின் மேல் முட்டை உடைத்து வைப்பது வழக்கம், வேண்டாம் என்றால் 'சின் உவேவோ' என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 9: கைடு விடைபெற்ற பிறகு

இந்தப் பகுதிக்காகத்தான் நான் பஸ் டூரை விட்டேன். பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் உங்கள் கையில் இருக்கும். அதை இடங்களால் நிரப்பிவிட வேண்டாம்.

கிறிஸ்தோ தே லா லூஸுக்கு மட்டும் போங்கள். சின்னஞ்சிறு பள்ளிவாசல், பிறகு தேவாலயமாகியது. முகப்பில் செங்கல்லாலேயே அரபு எழுத்தில் கட்டிய காலத்தைப் பொறித்திருக்கிறார்கள், நம் கணக்கில் 999. உள்ளே ஒன்பது குவிமாடக் கூரைகள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றாக அண்ணாந்து பாருங்கள்.

மேற்கே சான் ஹுவான் தே லோஸ் ரேயெஸ் மடம். வெளிச்சுவரில் இரும்புச் சங்கிலிகள் வரிசையாகத் தொங்கும், தெற்கே இஸ்லாமிய ஆட்சியில் இருந்த கிரானடா பக்கம் சிறையிலிருந்து மீட்கப்பட்ட கிறித்தவர்களுடையவை. ராணி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் தங்கள் கல்லறைக்கென்று கட்டிய இடம் இது. 1492இல் கிரானடா கிடைத்ததும் மனம் மாறி அங்கேயே அடக்கமானார்கள்.

எதை விடலாம்? அல்காசர் ராணுவ அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது வேண்டும், போர் வரலாற்றில் ஆர்வம் இல்லாதவர்கள் வெளியிலிருந்து பார்த்தால் போதும். எல் கிரேக்கோ அருங்காட்சியகம் அவர் வாழ்ந்த வீடு என்று நினைத்துப் போகாதீர்கள், அவர் அந்தக் கட்டடத்தில் இருந்ததில்லை. ஓவியங்களுக்காகப் போகலாம்.

மீதி நேரத்தில் வழி தவறுங்கள். குன்றின் மூன்று பக்கமும் ஆறுதான், நான்காவது பக்கம் மதில். எங்கே போய்விடப் போகிறீர்கள்?

படி 10: வாங்குவதானால்

தமாஸ்கினாதோ என்பது எஃகுத் தகட்டில் நுண்ணிய கீறல்கள் போட்டு, அதில் தங்க இழையைத் தட்டிப் பதிக்கும் வேலை. கையால் செய்ததில் இழைகள் சற்றே மேடுபள்ளமாக, ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருக்கும். எல்லாம் அச்சடித்ததுபோல ஒரே சீராக இருந்தால் அது இயந்திர வேலை. கைவேலையா என்று கேட்டு, பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். வாள் வாங்க ஆசைப்பட்டால் விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், வீட்டு வாசல்வரை அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

எடுத்துப்போக எளிதானது பாதாம் இனிப்பான மசபான். சில கன்னியர் மடங்களில் சுழலும் மரப்பெட்டியில் காசை வைத்தால், சுற்றி இனிப்பு வரும். உள்ளே இருக்கும் கன்னியர் முகம் தெரியாது.

படி 11: திரும்புவது

பகல் கூட்டம் பஸ்களில் ஏறிப் போனதும், ஐந்தரை ஆறு மணிக்கு மேல் ஊர் திடீரென்று அமைதியாகிவிடும். திரும்பும் ரயிலை இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். அதற்கு அடுத்து வண்டி இருக்கிறதா, கடைசி வண்டி எப்போது என்பதையும் அன்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோகோதோவேரிலிருந்து கிழக்கே இறங்கினால் அல்காந்தரா பாலம். ரோமானியர் கட்டிய பாலம், பிறகு பலமுறை செப்பனிட்டது. நடுவில் நின்று திரும்பிப் பாருங்கள், அல்காசரின் மேல் மாலை வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு 10 நிமிட நடை. வண்டி கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள், பாலத்தில் ரொம்ப நேரம் நின்றுவிடாதீர்கள்.